மழைக் கணக்கில்

பட்டர்வொர்த்திலிருந்து கடைசிக்கு முந்தின ஃபெரி.
குகநேசன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.
மழை பெய்யுது, என்றான். பெய்தது.
எஞ்சின் காலுக்கடியில அதிருது. அதிர்ந்தது.
உங்க தோள்ல ஈரம் இருக்கு. இருந்தது.
உங்களுக்கு என்கிட்ட பேசப் பிடிச்சிருக்கு.
அதையும்
மழைக் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

பயான் லெப்பாஸில் என் வேலை
உருப்பெருக்கியில் சில்லு பார்ப்பது.
மயிரிழை விரிசல் ஒன்று தட்டுப்பட்டால்
முழுத் தட்டையும் ஒதுக்கிவிடுவேன்.
பதினோரு ஆண்டில் என் கண்ணைத் தாண்டிப் போன பழுது
நான்கு என்று சூப்பர்வைசர் கணக்கு வைத்திருக்கிறார்.
ஐந்து.
ஒன்றை அவரிடம் சொல்லவில்லை.

அவசரப்படுகிறவனை எனக்கு அடையாளம் தெரியும்,
பஸ்ஸில், கேன்டீனில், கல்யாண மண்டபத்தில்.
இவனுக்கு அவசரமே கிடையாது.
ஜெலுத்தோங் அறையில், மின்விசிறிக்குக் கீழே,
என் மணிக்கட்டின் உள்பக்கம் விரல் வைத்து
நான் மூச்சு விடும்போது மட்டும் பேசுவான்.
இழுக்கும்போது காத்திருப்பான்.
கொஞ்ச நாளில்
அவன் பேசினால்தான் எனக்கு மூச்சு வெளியே வந்தது.
இதைத்தான் காதல் என்று நினைத்தேன்.
நினைத்ததில் என்ன தப்பு?
கீழே சார் குவே தியோ கடையில்
வாணலியை நெருப்பு நக்கிக்கொண்டிருந்தது.
எனக்குப் பசித்தது, அவன் சொல்வதற்கு முன்பே
அவன் சொல்லப்போவது போலப் பசித்தது.

கண்ணு கனக்குது, இல்ல.
ஃபேன் சத்தம் தூரமா போகுது, இல்ல.
என் பக்கத்துல இருந்தா எதையும் யோசிக்கத் தோணாது, இல்ல.
இல்ல இல்ல என்று அவன் முடித்த ஒவ்வொன்றுக்கும்
என் தலை
ஆமாம் என்று ஆடியது.

பேங்கில் மூன்று தாளைத் திருப்பிக் காட்டினார்கள்.
கார் கடனுக்கு ஜாமீன்.
சம்பளப் பிடித்தம்.
மூன்றாவது என்னவென்று இன்றுவரை முழுதாகப் புரியவில்லை.
கையெழுத்தில் நடுக்கமில்லை.
புள்ளி வைக்க வேண்டிய இடத்தில்
புள்ளி.

போலீஸ் நிலையத்தில் சார்ஜன் மலாயில் கேட்டார்.
அடித்தானா? இல்லை.
மிரட்டினானா? இல்லை.
குடிக்க ஏதாவது கலந்து கொடுத்தானா?
மைலோ கொடுப்பான்.
அதில் மைலோதான் இருந்தது.
பிறகு என்னதான் செய்தான், புவான்?
சொல்லத் தொடங்கினேன்.
மழை பெய்கிறது என்றான், பெய்தது...
பேனாவை மூடிவிட்டு
ஜன்னலைப் பார்த்தார்.
வெளியே நல்ல வெயில்.

ஹஸ்லிண்டாவிடம் அழுதேன், லாக்கர் அறையில்.
தோளைத் தட்டிக்கொடுத்தாள்.
தட்டிக்கொண்டே சொன்னாள்:
கோபப்படாதே, நீயும் இப்போதெல்லாம்
எல்லாவற்றையும் 'கான்' போட்டுத்தான் முடிக்கிறாய்.
களைப்பா இருக்கே, கான்.
வீட்டுல பிள்ளைங்க இந்நேரம் தூங்கியிருப்பாங்க, கான்.
நாலு ஞாயிறு ஷிஃப்டை உனக்காக நான் செய்தேன்.
எப்போது ஒத்துக்கொண்டேன் என்று
எனக்கு ஞாபகமே இல்லை.

அன்றிரவு கண்ணாடி முன் நின்று
வாயைத் திறந்து பார்த்தேன்,
ஏதோ சில்லைப் பார்ப்பது போல.

அவன் இப்போது ஈப்போவில் என்கிறார்கள்.
ஜாமீன் கடன் இன்னும் இரண்டு வருடம் ஏழு மாதம்.
நான் ஃபெரியில் போவதில்லை, பாலத்தில் பஸ்.
போன வாரம் கிளினிக்கில் ஒரு நர்ஸ்
நாடி பார்க்க மணிக்கட்டைப் பிடித்தாள்.
விரல்கள் அதே இடத்தில்.
மின்விசிறி இல்லை, ஏர்கோன்தான்.
கடிகாரத்தைப் பார்த்தபடி
ஒரு வார்த்தை பேசாமல் எண்ணிக்கொண்டிருந்தாள்.

சரி, என்றேன்.

என்ன சரி? என்று சிரித்தாள்.
நான் இன்னும் எதுவுமே கேக்கலையே.